ஆறாயிரம் ரூபாயும் ஒரு டோக்கனும்: மிக்ஜாம் நிவாரணம் யாருக்குப் போனது, யாரை விட்டது

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பணியை வேளச்சேரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சென்னையையும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களையும் மழை மூழ்கடித்தது டிசம்பர் 3, 4 தேதிகளில். அறிவிப்பு வந்தது 9ஆம் தேதி. அடுத்த வாரமே ரேஷன் கடை ஊழியர்கள் தெருத்தெருவாக டோக்கன் கொடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்து இரண்டு வாரத்துக்குள் பணம் கைக்கு வந்துவிட்டது. அரசின் கணக்குப்படி சுமார் 24 லட்சத்து 25 ஆயிரம் குடும்ப அட்டைகள், 1,455 கோடி ரூபாய்.

இந்த வேகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே ஊரில் இதே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் வேகத்தைத் தந்த அதே ஏற்பாடுதான் பிழைகளையும் தந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு.

2015இல் நடந்தது

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்த நிவாரணம் இது: குடிசை இழந்த குடும்பத்துக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய், கூடவே 10 கிலோ அரிசி, ஒரு வேட்டி, ஒரு சேலை. பணம் நேரடியாக வங்கிக் கணக்கில். யாருக்கு என்பதை முடிவு செய்ய வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது.

காகிதத்தில் இதுதான் சரியான முறை. தண்ணீர் எந்த வீட்டில் நின்றது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதைவிடத் துல்லியம் வேறென்ன? நடைமுறை வேறு மாதிரி இருந்தது. கணக்கெடுப்பவர் தெருவுக்கு வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும். சுவரில் கறை இருக்கும், அல்லது வீட்டுக்காரர் அதற்குள் கழுவி விட்டிருப்பார். வீடு பூட்டிக் கிடந்தால், அதாவது வெள்ளத்துக்குப் பயந்து உறவினர் வீட்டுக்குப் போனவர்களின் வீடாக இருந்தால், பதிவு விட்டுப்போகும். தரைத்தளத்தில் மூழ்கிய குடும்பத்துக்கும், மாடியில் மூன்று நாள் பாலும் மின்சாரமும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்த குடும்பத்துக்கும் ஒரே தொகையா என்ற கேள்வியை ஒவ்வொரு படிக்கட்டிலும் கணக்கெடுப்பவர்தான் சமாளிக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு எண். ஒரு எண் தவறினால் பணம் வேறு எங்கோ போகும், இல்லை திரும்பி வரும். பாஸ்புக்கே வெள்ளத்தில் போனவர் எண்ணுக்கு எங்கே போவார்? பணம் கணக்குகளில் ஏற 2016 ஜனவரி ஆகிவிட்டது.

துல்லியத்தைத் தேடிப் போனால் காலம் போகிறது. காலம் போனால் நிவாரணம் நிவாரணமாக இருப்பதில்லை. நனைந்த பாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பாய் வாங்க வேண்டியது அந்த வாரம்தான், பொங்கலுக்கு அல்ல.

விதி சொன்னது இரண்டு நாள், டோக்கன் சொன்னது தாலுகா

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைச் செலவிட மத்திய அரசு வகுத்த விதிகளில் ஒரு வரி உண்டு. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுதாகச் சேதமடைந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக நீரில் மூழ்கியிருந்தாலோ, துணிமணிகளுக்காகக் குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டங்களுக்காக இன்னொரு 2,500 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 5,000. அதன் மேல் 1,000 ரூபாய் சேர்த்ததுதான் மிக்ஜாமின் 6,000. ஆகவே இது பொங்கல் பரிசு போல எல்லோருக்கும் தரும் தொகை அல்ல. இரண்டு நாள் தண்ணீரில் கிடந்து உடைமை இழந்த குடும்பத்துக்கான தொகை. அரசாணையும் அந்த நிபந்தனையைச் சொன்னது.

ஆனால் இரண்டு நாள் தண்ணீர் நின்றதா என்று 24 லட்சம் வீடுகளில் யார் போய்ப் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு அரசு கண்டுபிடித்த விடை தாலுகா. சென்னை மாவட்டம் முழுவதும், செங்கல்பட்டில் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், காஞ்சிபுரத்தில் குன்றத்தூர், திருவள்ளூரில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆவடி, பூந்தமல்லி என்று வட்டங்கள் பட்டியலாயின. சில இடங்களில் வட்டம் முழுதாக இல்லாமல் குறிப்பிட்ட வருவாய்க் கிராமங்கள் மட்டும். அந்த எல்லைக்குள் அரிசி அட்டை இருந்தால் டோக்கன்.

எல்லை என்று ஒன்று போட்டால் அதன் இரு பக்கமும் பிழை விழும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்தவருக்கும், நகரின் மேடான தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாததைத் தவிர வேறு இழப்பில்லாதவருக்கும் ஒரே தொகை. இந்தப் பக்கத்துப் பிழையைப் பற்றித்தான் தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் பேசினார்கள்: ‘தண்ணியே வராத வீட்டுக்கு எதுக்குய்யா ஆறாயிரம்?’ எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. அந்தக் குடும்பத்திலும் தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு வாரம் வேலை இழந்திருப்பார். கிடைக்காமல் போனவர்களின் கணக்கைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் விவாத மேடைக்கு வருவதில்லை.

அட்டை எதைக் காட்டுகிறது

தமிழ்நாட்டில் சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள் உண்டு. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைக் கடையின் வாசலுக்குக் கொண்டுவரவில்லை. எல்லோருக்கும் அட்டை, வேண்டியவருக்கு அரிசி. அதன் பலன்தான் 2023இல் ஒரே வாரத்தில் டோக்கன் அச்சடிக்க முடிந்தது. பேரிடர் வந்த பிறகு பட்டியல் தயாரிக்கும் மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் இது கிடைக்காத வசதி. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் இதே வழியில்தான் போயின. டோக்கனில் நாளும் நேரமும் குறித்து வீட்டிலேயே கொடுக்கும் பழக்கம் கொரோனாவில் கூட்டம் சேராமலிருக்க வந்து, பிறகு நிலைத்துவிட்டது.

ஆனால் அட்டை என்பது அரிசி வாங்கும் குடும்பத்தின் பதிவு. இன்ன கடையில் இன்ன குடும்பம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இன்றைக்கு அந்தக் குடும்பம் எந்தக் கூரையின் கீழ் தூங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

வாடகைக்கு இருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ கட்டட வேலைக்கு வந்து பள்ளிக்கரணையிலோ பெரும்பாக்கத்திலோ குடியிருக்கும் குடும்பத்தின் அட்டை ஊரிலேயே இருக்கும். மாமனாரோ மாமியாரோ அங்கே அரிசி வாங்கிக்கொண்டிருப்பார்கள். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி 2020இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வசதி அரிசிக்கு, நிவாரணத்துக்கு அல்ல. டோக்கன் அட்டை பதிவான கடையிலிருந்துதான் கிளம்பும். வெள்ளம் சென்னையில், அட்டை செங்கத்தில் என்றால் டோக்கன் எங்கும் இல்லை. இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மைதான். ஐந்தாண்டுகளுக்கு முன் சென்னையை விட்டுப் போய் அட்டையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தவருக்கு டோக்கன் காத்திருந்தது. நகரின் நடுவிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அட்டையைப் பழைய முகவரியிலேயே விட்டுவைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பணம் கிடைக்கும், ஆனால் பழைய ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகள் பெரும்பாலும் தாழ்வான நிலத்தில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, குடும்பம் என்பதன் அளவு. மணமான மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே அட்டையில் இருந்தால் மூன்று அடுப்புக்கும் சேர்த்து 6,000. பக்கத்து வீட்டில் மகனுக்குத் தனி அட்டை வாங்கி வைத்திருந்தால் ஒரே கூடத்துக்கு 12,000. தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் அட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இது வரும். ஒவ்வொரு ரொக்க அறிவிப்புக்கும் பிறகு தனி அட்டை கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் கூட்டம் சேர்வது ஏன் என்றும் இதிலிருந்து புரியும்.

சர்க்கரை அட்டை விவகாரம் இதைவிடச் சுவையானது. அரிசி வேண்டாம், சர்க்கரை கூடுதலாகக் கொடுங்கள் என்று எப்போதோ ஒரு காலத்தில் விரும்பி எழுதிக் கொடுத்தவர்களின் அட்டை அது. ஓய்வுபெற்ற குமாஸ்தா, அன்றைக்குச் சம்பளம் இருந்த தனியார் நிறுவன ஊழியர், ரேஷன் அரிசி சாப்பிடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த குடும்பம் என்று பலரும் அதில் இருந்தார்கள். வருமானத்தைச் சோதித்துக் கொடுத்த அட்டை அல்ல. பொங்கல் ரொக்கம் அரிசி அட்டைக்கு மட்டும் என்றான பிறகு எழுந்த கோரிக்கையால் 2019 நவம்பரில் அரசே ஒரு வாய்ப்பளித்து, விரும்புகிறவர்கள் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. அப்போது சர்க்கரை அட்டைகள் பத்து லட்சத்துக்கும் மேல். மாற்றியவர்கள் மாற்றினார்கள். செய்தி தெரியாதவர்களும் சோம்பியவர்களும் அப்படியே விட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து வந்த வெள்ளத்தில், அன்றைக்கு மனு கொடுத்தாரா இல்லையா என்பது ஒரு முதியவருக்கு டோக்கன் வருமா என்பதைத் தீர்மானித்தது.

ரொக்கமா, வங்கியா

இந்தச் சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரொக்கமாகக் கொடுத்தால் முறைகேடு நடக்கும், வங்கிக் கணக்கில் போடுங்கள் என்பது ஒரு தரப்பு. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவரை ஏடிஎம் தேடி அலையவிடக் கூடாது என்பது அரசுத் தரப்பு. விநியோகம் ரொக்கமாகவே நடந்து முடிந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புயலுக்கு மூன்று மாதத்துக்குள், செப்டம்பர் 15 அன்று, பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியிருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குகள் சரிபார்க்கப்பட்டு அரசின் கையில் இருந்தன. பொத்தானை அழுத்தினால் போதும் என்பது போலத் தோன்றும். இரண்டு காரணங்களால் அது சரிவராது. முதலாவது, அந்தப் பட்டியல் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் போன்ற வரம்புகளால் வடிகட்டப்பட்டது. வெள்ளம் வரம்பு பார்த்து வருவதில்லை. இரண்டாவது, உரிமைத் தொகையின் முதல் மாதத்திலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி அந்த ஆயிரத்தில் கை வைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவம் ஆறாத நேரத்தில் 6,000 ரூபாயை அதே கணக்குகளுக்கு அனுப்பியிருந்தால், எத்தனை வீடுகளில் கடன் தவணைக்கென்று வங்கி எடுத்துக்கொண்டிருக்கும் என்று யோசிக்கலாம்.

ரொக்கத்துக்கு விலையும் உண்டு. அரிசி எடை போடும் விற்பனையாளர் திடீரென்று கட்டுக்கட்டாகப் பணம் எண்ண வேண்டும். கணக்கில் குறைந்தால் அவர் சம்பளத்திலிருந்து போகும். கட்சிக்காரர்கள் கடை வாசலில் நின்று தங்கள் கையால் கொடுப்பது போல நிழற்படம் எடுத்துக்கொள்வார்கள். இது எந்தக் கட்சி ஆண்டாலும் மாறாத வழக்கம். அப்படியிருந்தும் ரொக்கமே சரி என்றுதான் சொல்வேன். பட்டியலில் பிழை இருந்தது, பணம் கொடுத்த கையில் அல்ல.

இரண்டாவது வாசல்

அரசு இந்தப் பிழைகளை அறியாமல் இல்லை. டோக்கன் கிடைக்காதவர்களுக்கு ஒரு படிவம் வைத்தது. சர்க்கரை அட்டைக்காரர்கள், வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு அதிகாரிகள், அட்டையே இல்லாதவர்கள் ஆகியோர் ரேஷன் கடையிலேயே படிவம் வாங்கி, இழப்பையும் வங்கிக் கணக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வு செய்த பிறகு கணக்கில் பணம். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன.

முதல் வாசலில் நிபந்தனையே கேட்கவில்லை, இரண்டாவது வாசலில் எல்லாம் கேட்டார்கள். அரிசி அட்டை வைத்திருந்தவர் தன் வீட்டில் தண்ணீர் நின்றதா என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அட்டை இல்லாதவர் நிரூபிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் ஒப்பந்தப் பத்திரம் இருக்காது. ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். வீட்டு உரிமையாளர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார். கள ஆய்வு நடக்கும் நாளில் அவர் வேலைக்குப் போயிருப்பார். 2015இன் எல்லாச் சிக்கல்களும் சுற்றி வந்து, தாங்க முடியாதவர்கள் தலையில் விழுந்தன.

என் முடிவு இதுதான். முதல் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பரவலாகக் கொடுத்தது தவறல்ல. அந்தச் சுற்றில் பிழையாகப் போன பணத்தைத் திரும்பப் பெற நினைப்பதும் வீண். ஆனால் பரவலாகக் கொடுக்கும் அரசு இரண்டாவது சுற்றிலும் அதே தாராளத்தைக் காட்ட வேண்டும். அந்தத் தெருவில் குடியிருந்ததற்கு எரிவாயு ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்று, பக்கத்து வீட்டு இரண்டு பேர் சொல் என ஏதாவது ஒன்று போதும் என்று வைத்திருக்கலாம். மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும், அதை மேல்முறையீடு செய்ய ஒரு நாளும் ஓர் அலுவலரும் குறித்திருக்க வேண்டும்.

தெற்கிலும் வடக்கிலும்

வேளச்சேரியில் டோக்கனுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய அதே 17ஆம் தேதி தென்மாவட்டங்களில் மழை பிடித்தது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். திருவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. அங்கே அரசு வேறு கோடு போட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கும் வருவாய்க் கிராமங்களுக்கும் 6,000. அதே மாவட்டங்களின் மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரிக்கும் 1,000.

சென்னையில் செய்யாத தரப்பிரிப்பைத் தெற்கில் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை நகரம் முழுதும் ஒரே தட்டு. தாமிரபரணிக் கரையில் மட்டும் ‘கடுமை’, ‘கடுமையல்லாதது’ என்று இரண்டு தட்டு. தெற்கின் முறைதான் விதிக்கு நெருக்கமானது என்பேன். ஆனால் வருவாய்க் கிராம எல்லையில் ஆற்றின் ஒரு கரைக்கு 6,000, மறு கரைக்கு 1,000 என்று விழும்போது, 5,000 ரூபாய் வித்தியாசத்தை மக்களுக்கு விளக்க ஒரு கிராம நிர்வாக அலுவலரால் முடியாது. நடுவில் ஒரு படி இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலில் கோடு மாநில எல்லையாகவே ஆனது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணைக் கரையைப் புரட்டிப்போட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் நீர் சூழ்ந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அறிவித்தது 2,000 ரூபாய். புதுச்சேரியில் எல்லா அட்டைகளுக்கும் 5,000. பாகூர்ப் பக்கம் இரண்டு ஆட்சிகளின் ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே தண்ணீர், ஒரே வாய்க்கால், ஒரே இழப்பு. ஒரு வருடம் முன்னால் சென்னைக்கு ஆறாயிரம் கொடுத்த அரசு எங்களுக்கு ஏன் இரண்டாயிரம் என்று விழுப்புரத்தில் கேட்டார்கள். நிதி நெருக்கடி, மத்திய அரசு கேட்டதைத் தரவில்லை என்ற பதில்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிவாரணத் தொகைக்கு எழுதி வைத்த அளவுகோலைப் பின்பற்றாமல், ஒவ்வொரு புயலுக்கும் ஒரு தொகையை அறிவிப்பதுதான் வழக்கம் என்றால் இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் கிடைக்காது. பயிருக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று அளவு இருக்கிறது. குடும்பத்துக்கும் மத்திய விதியில் ஒன்று உண்டு, அறிவிக்கும் தொகைதான் அதைப் பின்பற்றுவதில்லை.

தண்ணீர் எங்கே நின்றது என்பதற்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது. தெருவில் நீர் நிற்கும்போது மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கிறது, வடிந்த பிறகுதான் திரும்பக் கொடுக்கிறது. எந்த மின்மாற்றி எத்தனை நாள் அணைந்து கிடந்தது, அதன் கீழ் எந்தெந்த மின் இணைப்பு எண்கள் என்பது வாரியத்துக்குத் தெரியும். கம்பி அறுந்ததாலும் அணைந்திருக்கலாம் என்பதால் அது முழுச் சான்று ஆகாது. மாநகராட்சி எந்தத் தெருவில் எத்தனை நாள் மோட்டார் வைத்து நீர் இறைத்தது என்ற பதிவோடு ஒப்பிட்டால் பிழை குறையும். மின் இணைப்பு வீட்டுக்கு உரியது, அட்டையைப் போல வேறு ஊரில் தங்கிவிடாது. உரிமையாளர் யாராக இருந்தாலும் அந்த இணைப்பில் குடியிருக்கும் வாடகைக் குடும்பத்தை அது காட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மின் இணைப்பையும் தெருவையும் கடையையும் பொருத்தி வைக்கும் வேலையை ஆகஸ்டிலேயே முடிக்கலாம். மழை தொடங்கிய பிறகு அதற்கு ஆள் கிடைக்காது.